அடியாழத்தில் ஏறும் அழுத்தம்

பூமிக்கடியில் பாறைக்குள் சும்மா கிடக்கிற தண்ணீருக்கு அப்படி என்ன கோபம்? துளை போட்டதும் பீறிட்டு அடிக்கிறதே!

வெளியேற வழியை அடைத்துவிட்டுத் தலையில் பாரமும் ஏற்றினால் யார்தான் பொறுப்பார்கள்? மெக்சிகோ வளைகுடாவில் மிசிசிப்பி ஆற்று வண்டல் மளமளவென்று குவிந்தது. அடியிலிருந்த களிமண் நீரைக் கசியவிட்டு இறுகுவதற்குள் மேலே சுமை ஏறிவிட்டது. அந்தச் சுமையின் ஒரு பங்கை இன்று நுண்துளை நீரே தாங்குகிறது. ஆழம்தானே காரணம் என்பீர்கள். வெறும் ஆழம் என்றால் 3,000 மீட்டரில் சுமார் 300 வளிமண்டல அழுத்தம்தான் இருக்கவேண்டும். அங்கே சில இடங்களில் 500-ஐயும் தாண்டுகிறது. அந்த ஆழத்துக் களிப்பாறை இறுகாமல் நீர் கோத்துக் கிடப்பதே சாட்சி.

எங்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வெப்பத்தில் எண்ணெய் எரிவாயுவாக உடைந்து பெருகினாலும் அழுத்தம் ஏறும். அப்போது இறுகிய பாறை ஆபத்தைக் காட்டிக்கொடுக்காது. களிப்பாறையை மட்டும் பார்த்துத் துளையிடுவது உயிரோடு விளையாடுவது.