நர்சம்மாவை ஏமாற்றுவது எப்படி?

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் மாதம் ஒருமுறை எழுதும் பரீட்சைக்கு ஓபி என்று பெயர். டாக்டர் பார்ப்பது இரண்டு நிமிடம். அதற்கு முன் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குடைவது சிஸ்டர்தான். அவரிடம் நல்ல மார்க் வாங்கச் சில யோசனைகள். பெரும்பாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் ஏற்கெனவே கடைப்பிடித்து வருபவைதான். தொகுப்பு மட்டும் என்னுடையது.

பிபி பார்க்கப் போகுமுன் வாசல் கடையில் ஸ்ட்ராங்காக ஒரு டீ அடியுங்கள். சிறுநீரை அடக்கிக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வேகமாக நடந்து வந்த மூச்சோடு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைக் கட்டச் சொல்லுங்கள். பட்டை இறுகும்போது மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள். அளவு எகிறும். “வீட்ல நல்லாத்தான் இருக்கு சிஸ்டர், இங்க வந்தாத்தான் ஏறுது” என்று சொல்லிவிடலாம். விவரமான சிஸ்டராக இருந்தால் ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் பதித்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, வாயைத் திறக்க விடாமல் மறுபடி பார்ப்பார். அப்போது உண்மையான அளவு வந்து தொலைக்கும்.

“உப்பைக் குறைச்சீங்களா?”

“குழம்புல கம்மிதான் சிஸ்டர்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் குழம்பில் சேராது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது எந்தக் காலத்தில் நம் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தது? ஆனால் “நேத்து ராத்திரி தொட்டுக்க என்ன?” என்று கேட்கும் சிஸ்டரிடம் உஷார். இதற்காகவே மனைவியை உடன் அழைத்துப் போகக் கூடாது. உங்களுக்கு முன்னால் அவர் பதில் சொல்லிவிடுவார்.

சர்க்கரைக்கு வழி எளிது. டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து கம்மங்கூழும் வாக்கிங்கும். வெறும் வயிற்று அளவு சமர்த்தாக இருக்கும். எச்பிஏ1சி என்று எழுதிக் கொடுத்தால்தான் சிக்கல். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரை கடந்த இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும். தீபாவளிக்குத் தின்ற மைசூர்பாகு கார்த்திகையில் சாட்சி சொல்லும்.

இன்சுலினை வலிக்காத ஒரே இடத்தில் தினமும் குத்துங்கள். அங்கே கட்டி தட்டும், மருந்து சரியாக இறங்காது. சிஸ்டர் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வந்தால் கூச்சம் என்று நெளியுங்கள்.

சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது நல்ல பழக்கம். சிலர் விடமாட்டார்கள். “புரிஞ்சுதுல்ல? நீங்களே சொல்லுங்க, சுகர் இறங்கி கைகால் நடுங்கி வேர்த்துக் கொட்டினா என்ன பண்ணுவீங்க?” என்பார்கள். “ஆட்டோ பிடிச்சு இங்க வந்துருவேன்” என்றால் ஃபெயில். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து அந்த இடத்திலேயே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். இந்த ஒரு பதிலை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள், வீட்டில் இருப்பவர்களும் சேர்த்து.

கடைசியாகச் செருப்பைக் கழற்றச் சொல்வார். கண்ணை மூடவைத்து, நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் அங்கங்கே லேசாக அழுத்தி “தெரியுதா?” என்பார். ஓரக்கண்ணால் பார்த்து “தெரியுது” என்று சொல்லி முழு மார்க் வாங்கியவர்கள் உண்டு. அப்படி வாங்கியவர் செருப்புக்குள் சரளைக் கல்லோடு நாள் முழுக்க நடப்பார். கொதிக்கிற வெந்நீரில் காலை வைத்துவிட்டு இதமாக இருக்கிறது என்பார். ரத்தக்கறையைப் பாயில் பார்த்த பிறகுதான் புண் தெரியும்.

இந்தக் கேள்விக்கு மட்டும் தயவுசெய்து ஃபெயில் ஆகுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். தினமும் படுக்கப் போகுமுன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். சின்னக் கொப்புளமாக இருந்தாலும் அடுத்த ஓபி வரை காத்திருக்காமல் மறுநாளே போய்க் காட்டிவிடுங்கள்.