வேலியில்லாத தெருவில் ஒரு யாழ்ப்பாணத்தான்

எங்கள் தெருவில் இருக்கிற வீடுகள் எல்லாம் போருக்குப் பிறகு கட்டியவை என்று சொன்னால், நம்மவர்கள் உடனே "எந்தச் சண்டைக்குப் பிறகு?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் பிழையில்லை. ஸ்காபரோவில் ஆளுக்கொரு சண்டை கைவசம் இருக்கிறது. இந்த வீடுகளுக்குரியது இரண்டாம் உலகப் போர். ஐரோப்பாவில் சண்டை முடிந்து திரும்பிய கனேடியப் படையினர் கலியாணம் முடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள், குடியிருக்க இடமில்லாமல் மாமியார் வீட்டில் ஒண்டினார்கள். மாமியாரோடு இருந்ததைவிடப் போர்முனை பரவாயில்லை என்று அவர்கள் சொன்னதாகச் சரித்திரத்தில் இல்லை. ஆனால் அரசாங்கம் 1946இல் வீடமைப்புக்கென்றே ஒரு கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியதைப் பார்த்தால் யாரோ அழுதிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

ஸ்காபரோ ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம். 1793இல் இங்கே ஏரியோரம் செங்குத்தாக எழும்பி நிற்கும் கரைகளைப் பார்த்ததும், துணை ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோவுக்கு இங்கிலாந்தின் ஸ்காபரோ ஞாபகம் வந்துவிட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது. ஊரை விட்டு வந்த பெண்மணி கண்ட இடத்திலெல்லாம் ஊரைக் கண்டிருக்கிறார். அதே இடத்தைச் சின்ன யாழ்ப்பாணம் என்று சொல்லிக்கொண்டு திரிகிற எங்களுக்கு அவரைக் குறைசொல்ல முகமில்லை. நகரத்து மையத்தில் இருக்கிறவர்கள் இதை 'ஸ்காபீரியா' என்பார்கள். சைபீரியா அளவுக்குத் தூரமாம், வெறுமையாம். சுரங்க ரயிலில் முக்கால் மணித்தியாலம்கூட இல்லாத தூரத்தைச் சைபீரியா என்கிறவர்களை யாழ்தேவி ரயிலில் ஒருமுறை கொழும்புக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும்.

எலிசபெத் அம்மையாருக்குப் பிறகு நூற்றைம்பது வருடமாக இங்கே பண்ணைகளும் மாடுகளும்தான். 1941இல் எக்ளின்டன் வீதியும் வோர்டன் வீதியும் சந்திக்கிற பக்கத்தில் ஒரு வெடிமருந்து ஆலை எழும்பியது. போர் முடியும்வரை அதில் வேலை செய்தவர்கள் 21,000 பேருக்கும் மேல். பெரும்பாலானோர் பெண்கள். பீரங்கிக் குண்டுகளின் வெடிதூண்டிகளில் மருந்து அடைப்பது வேலை. கட்டடத்துக்குக் கட்டடம் நிலத்தடியில் சுரங்கப்பாதை ஓடியது. 1945இல் ஆலையை மூடினார்கள். வீட்டுத் தட்டுப்பாட்டில் அந்தக் கட்டடங்களிலேயே குடும்பங்களைக் குடியமர்த்தினார்கள். பிறகு உள்ளூராட்சி சபை காணியை வாங்கித் தொழிற்சாலைகளுக்கு விற்றது. 'கோல்டன் மைல்' என்று பெயரும் வைத்தார்கள். 1954இல் கடைத்தொகுதி வந்தது, 1959இல் எலிசபெத் மகாராணியே வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார். தொழிற்சாலை வந்தால் தொழிலாளி வேண்டும், தொழிலாளிக்கு வீடு வேண்டும். 1951இல் சுமார் 56 ஆயிரம் பேர் இருந்த ஊரில் பத்தே வருடத்தில் 2 லட்சத்துக்கு மேல். பண்ணைக்காரர் மாட்டை விற்றார், பிறகு காணியை விற்றார்.

இப்படி முளைத்த வீடுகளில் ஒன்றுதான் எங்களுடையது. இங்கே பங்களோ என்பார்கள். ஒற்றைத்தட்டு, முன்னுக்குப் பெரிய கண்ணாடி யன்னல், மூன்று படுக்கையறை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒருவர் நடப்பதென்றால் இன்னொருவர் எழும்ப வேண்டும். பக்கவாட்டில் ஒரு கதவு. சேற்றுச் சப்பாத்தோடு பிள்ளைகள் முன்னறையை மிதிக்காமல் அந்த வழியாகக் குசினிக்கும் பேஸ்மென்ருக்கும் போகலாம். அந்தக் கதவை வரைந்த மகராசன், இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்து இறங்கிய தமிழர்களின் பொருளாதாரத்துக்கே அத்திவாரம் போட்டிருக்கிறான். பக்கக் கதவு என்றால் பேஸ்மென்ருக்குத் தனி வாசல். தனி வாசல் என்றால் வாடகை. வாடகை என்றால் வீட்டுக்கடன் தவணை. எங்கள் சனம் வீடு பார்க்கப் போனால், முகவர் முன்கதவுக்குத் திறப்பைத் தேட முதல் பக்கக் கதவடியில் போய் நிற்கும். மேலே எத்தனை அறை என்பதைப் பிறகு கேட்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்துசேர்ந்த அம்மா, முன்யன்னலடியில் நின்று தெருவை நெடுநேரம் பார்த்தார். ஒரு மனிதர் இல்லை, ஒரு சைக்கிள் மணி இல்லை. ஒரு நாய் வந்தது. அதுவும் குரைக்கவில்லை.

"என்ன தம்பி, ஊரடங்கே போட்டிருக்கு?"

"இல்லையம்மா, எல்லாரும் வேலைக்குப் போட்டினம்."

"அப்ப கிழவன் கிழவியள்?"

"வீட்டுக்குள்ளை இருக்கினம்."

"அதைத்தானே நானும் கேட்டனான்."

வெறுந்தெருவையாவது அம்மா பொறுத்துக்கொண்டார். முன்வளவுக்கு வேலி இல்லாததைப் பொறுக்க முடியவில்லை. எங்கள் ஊரில் வீடு கட்ட வக்கில்லாதவனுக்கும் வேலி இருக்கும். கிடுகு, பனையோலை, தகரம், வெளிநாட்டுக் காசு வந்தால் மதில். வேலியடைக்கும்போது இரவோடிரவாக, வேலிக்கு நடுகிற கதியாலை நாலு விரற்கடை பக்கத்து வளவுக்குள் நகர்த்துவது ஒரு கலை. அதை விடிய எழும்பியதும் கண்டுபிடிப்பது இன்னொரு கலை. இரண்டு கலைகளுக்கும் நடுவில் எத்தனையோ சட்டத்தரணிகள் தங்கள் பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கினார்கள். இங்கேயோ முன்னாலுள்ள புல் என் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு, அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு என்று தெரு முடியுமட்டும் கேட்பாரில்லாமல் ஓடுகிறது.

"உன்ரை காணி எதுமட்டும்?"

"புல்லு நல்ல பச்சையாத் தொடங்குது பாருங்கோ, அதுக்கு இஞ்சாலை."

வேலி இல்லாத ஊரில் சண்டையும் இருக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இருக்கிறது. சத்தம்தான் இல்லை. ரொறன்ரோ மாநகரசபையின் சட்டப்படி புல் 20 சென்ரிமீட்டருக்கு மேல் வளரக்கூடாது. வளர்ந்தால் 311 என்ற மாநகரசபைத் தொலைபேசி எண்ணுக்கு யாரும் எடுத்துச் சொல்லலாம். சொன்னது யாரென்று நமக்குச் சொல்லமாட்டார்கள். ஊரில் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் படலையடியில் நின்று எங்கள் பாட்டன் காலத்திலிருந்து தொடங்குவார், தெருவே கூடும், கடைசியில் யாராவது தேத்தண்ணி கொடுத்துப் பிரித்துவிடுவார்கள். இங்கே மாநகரசபையிலிருந்து ஓர் அறிவித்தல் வருகிறது. அடுத்தநாள் காலை தெருவில் இருக்கிற அத்தனை பேரும் காருக்குள் ஏறமுதல் கையை உயர்த்தி, "நல்ல வெயில், என்ன?" என்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான். எவர்? நானும் கையை உயர்த்தி, வெயில் உண்மையிலேயே நல்லது என்று ஒப்புக்கொள்கிறேன். இந்தப் புறநகர் அமைதி சும்மா கிடக்கிற அமைதியில்லை, முழுநேர வேலைசெய்கிற அமைதி. ஒவ்வொரு திரைச்சீலைக்குப் பின்னாலும் ஓர் அடிமட்டம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அமைதிக்கும் நேரகாலம் உண்டு. வாரவிடுமுறையில் காலை 9 மணிக்கு முன் புல்வெட்டும் இயந்திரம் இயக்கக் கூடாது. ஆகவே சனிக்கிழமை 9 அடித்ததும் தெரு முழுக்க ஒரே நொடியில் இயந்திரங்கள் கிளம்பும். நல்லூர்த் திருவிழாவில் அத்தனை தவில்களும் ஒன்றாய் எழும்பின மாதிரி. ஒருவர் முடித்தால் மற்றவர் பிடிப்பார். ஓய்வெடுக்கவென்று மனிதர்கள் புறநகருக்கு வந்த நாள் அதுதான்.

குப்பைக்கும் சாத்திரம் இருக்கிறது. மீள்சுழற்சிக்கு நீலத் தொட்டி, சாப்பாட்டுக் கழிவுக்குப் பச்சை, மிச்சத்துக்கு இன்னொன்று. பச்சை வாராவாரம் போகும். மற்ற இரண்டும் வாரம் மாறி வாரம். எது எந்த வாரம் என்று தெரியாதவர்கள் பக்கத்து வீட்டைப் பார்த்து வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப் பார்த்து வைப்பதும் உண்டு. அப்படியான வாரங்களில் தெருவே ஒற்றுமையாகப் பிழைவிடும். பச்சைத் தொட்டியைத் திறக்க ரக்கூன் இரவில் வரும். முகமூடி போட்ட முகமும் மனிதர் மாதிரியான விரல்களும் அதற்கு. அதை வெல்லவென்று மாநகரசபை 3 கோடி 10 லட்சம் டொலர் ஒப்பந்தத்தில் பூட்டு வைத்த தொட்டிகளை 2016இலிருந்து வீடுவீடாகக் கொடுத்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு ரக்கூன் அதைத் திறக்கிற காட்சியைப் பத்திரிகைக்காரர் படம்பிடித்துக் காட்டினார்கள். என் மாமனார் அதே தொட்டியின் பிடியோடு மல்லுக்கட்டுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதை யாரும் படம்பிடிக்கவில்லை.

அம்மாவின் தனிமையைத் தீர்த்தவர் இடப்பக்க வீட்டுப் பெண்மணி. எண்பதைத் தாண்டியவர், வெள்ளைக்காரி, தனியாள். அம்மாவுக்கு அவருடைய பாஷை தெரியாது, அவருக்கு அம்மாவின் பாஷை தெரியாது. அதனால் ஒருவர் பேச்சை மற்றவர் இடைமறிக்காமல் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். ஒருநாள் நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். அவருடைய தாயார் போர்க்காலத்தில் அந்த வெடிமருந்து ஆலையில் வேலை செய்தவராம். போர் முடிந்ததும் வீடு கிடைக்காமல், அதே ஆலைக் கட்டடத்தில்தான் தன் சின்ன வயது கழிந்ததாம். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவ குண்டு செய்த வீட்டிலை இருந்தவ. நாங்கள் குண்டு விழுந்த வீட்டிலை இருந்தனாங்கள். பிறகென்ன, ஒருவகையிலை சொந்தம்தான்." இதை நான் முழுதாக மொழிபெயர்க்கவில்லை. அந்த அம்மையார் ஏதோ விளங்கினது போலத் தலையாட்டி, உள்ளே போய் ஒரு தட்டு பிஸ்கட் கொண்டுவந்தார். மறுநாள் அம்மா அந்தத் தட்டில் பருத்தித்துறை வடை வைத்துக் கொடுத்தார். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. தட்டு இன்னும் போய்வருகிறது.

வலப்பக்க வீட்டின் கதை வேறு. அந்த பங்களோ விலைப்பட்டது. வாங்கியவர் எங்கள் ஆள். ஒரு கிழமைக்குள் வீட்டை இடித்துத் தள்ளினார். இரண்டு தட்டு, முன்னால் நாலு தூண், தூணில் சிங்கம் வருமென்றும் கதை. படையினருக்கென்று அளந்து கட்டிய வீடுகளின் நடுவில் இப்படி ஒன்று எழும்பினால் இங்கே 'மொன்ஸ்டர் ஹோம்' என்பார்கள். முதலில் அம்மாவுக்குப் பெருமைதான்: "எங்கடை பெடியன், வெள்ளையளை விடப் பெரிசாக் கட்டுறான்." சுவர் உயர உயர அவருடைய மிளகாய்க் கன்றுகளில் நிழல் விழுந்தது. பெருமை குறைந்தது. ஒரு காலை புல்லுக்குள் ஒரு மரக்கட்டையைக் கண்டார், நுனியில் செம்மஞ்சள் நாடா கட்டியிருந்தது. நில அளவையாளர் அடித்த எல்லைக்கட்டை.

அம்மாவுக்கு அது கதியால். கனடாவுக்கு வந்த பிறகு அவரை அவ்வளவு உற்சாகமாக நான் கண்டதில்லை. விடியவும் பின்னேரமும் செருப்பைக் கழற்றிவிட்டு, யன்னலடியிலிருந்து கட்டைவரை பாதத்தால் அளந்தார்.

"தம்பி, கட்டை இஞ்சாலை வந்திட்டுது."

"அது சேவையர் அடிச்ச கட்டை அம்மா."

"சேவையர் அடிச்சது முந்தநாள். பிறகு நடந்து வந்திருக்கு."

"அப்பிடி இஞ்சை செய்யமாட்டினம்."

"ஆர் செய்யமாட்டினம்? அவன் எங்கடை ஆள்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. 311இல் 180க்கும் மேற்பட்ட மொழிகளில் உதவி கிடைக்கும் என்று பேத்தி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அம்மா தொலைபேசியைக் கையில் வாங்கி ஒலிபெருக்கியில் போட்டார். அலுவலர் ஒருவர் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்ல, சற்று நேரத்தில் மொழிபெயர்ப்பாளராக ஓர் இளம்பெண்ணின் குரல் தமிழில் வந்தது. அம்மா கட்டையை விவரித்தார், நாலு விரற்கடையை விவரித்தார், வாங்கியவரின் தகப்பன் வழியில் யாரோ முன்பு செய்த ஒரு காணி மோசடியையும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பிள்ளை பொறுமையாக அத்தனையையும் ஆங்கிலமாக்கியது. அலுவலர் சொன்னார், தனியார் காணி எல்லைத் தகராறு மாநகரசபையின் வேலையில்லை, சட்டத்தரணியைப் பாருங்கள் என்று. பிள்ளை அதைத் தமிழில் சொன்னது.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அவருடைய கவனம் வேறெங்கோ போயிருந்தது.

"பிள்ளை, நீர் எந்த ஊர்?"

"அம்மா, நான் மொழிபெயர்க்கிறது மட்டும்தான். சொந்த விஷயம் கதைக்க விடமாட்டினம்."

"நான் கேட்டதையும் அவருக்கு மொழிபெயரும், பிழையில்லை. எந்த ஊர்?"

கொஞ்சநேரம் மறுபக்கத்தில் சத்தமில்லை. பிறகு மெல்லிய குரலில், "உரும்பிராய்" என்றது.

அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உரும்பிராயிலை ஆற்ரை மகள்?"