தாத்தா பாட்டியை வைத்து முன்னேறுவது எப்படி?

சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு, முதியோர் நலனில்தான் எதிர்காலம் என்று முடிவு செய்து என்னிடம் யோசனை கேட்க வந்திருக்கிறாய் தம்பி. நல்ல தொழில். சரக்குக்குப் பஞ்சமே வராது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைத் தொட்டவர்கள்.

முதலில் போர்வை கொடுக்கப் பழகு. சட்டென்று கொடுத்துவிடாதே. ஒரு முனை கிழவி கையில், மறுமுனை நன்கொடையாளர் கையில், பேனர் பின்னால். கிழவி கேமராவைப் பார்க்கும்வரை யாரும் விடக் கூடாது. அக்டோபர் 1 முதியோர் தினம். அன்று இல்லத்துக்கு மூன்று சங்கத்தார் வருவார்கள், மூன்று பிரியாணி வரும். மறுநாள் காந்தி பிறந்தநாள் என்று எல்லோரும் சிலைக்குப் போய்விடுவார்கள். பிரியாணி ஒத்துக்கொள்ளாத கிழவருக்குத் துணி மாற்ற நீ மட்டும் இருப்பாய். ப்ராஜெக்ட் பணம் தீர்ந்ததும் நீயும் இருக்கமாட்டாய்.

சட்டம் தெரியுமா? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. பெற்றவளைத் தெருவில் விட்டால் மூன்று மாதம் வரை சிறை. இல்லையென்றால் 5,000 ரூபாய் வரை அபராதம் கட்டிவிட்டுப் போகலாம். ஒரு நல்ல செல்போன் அதைவிட விலை அதிகம். அதே சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியவர்கள் தங்க, அரசு இல்லம் 'அமைக்கலாம்' என்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று எழுதினால் கட்டித் தொலைக்க வேண்டுமே! அந்த 'லாம்' போட்ட புண்ணியவான் யாரோ, அவர் அம்மா நன்றாக இருக்கட்டும்.

ஓய்வூதியத்தில் டெல்லியின் பங்கு, எண்பதைத் தொடாதவருக்கு மாதம் 200 ரூபாய். 2007லும் 200, இன்றும் 200. விலைவாசி ஏறியது, எம்.பி. சம்பளம் ஏறியது, கிழவிக்குப் பசி மட்டும் ஏறவில்லை போலும். மாநில அரசு மேலே போட்டு 2023ல் 1,200 ஆக்கியது. அதையாவது கையில் வாங்க விடுகிறோமா?

சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பார்த்தேன். வேப்பமரத்தடியில் மெஷினோடு பேங்க் தம்பி. ஆயுளெல்லாம் தீப்பெட்டி ஒட்டிய பாட்டி ஒருத்தி கட்டைவிரலை வைக்கிறாள், எடுக்கிறாள், முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறாள்.

"ரேகை விழல பாட்டி."

"இருந்தாத்தானய்யா விழும்."

வழவழவென்று, கூழாங்கல் மாதிரி இருந்தது அந்த விரல். அடுத்த வாரம் வரச் சொன்னான். அடுத்த வாரம் மட்டும் முளைத்துவிடுமா?

அவளுக்காக மனு எழுத, கூடப் போய் நிற்க, மகன் கை ஓங்குகிறானா என்று பார்க்க ஊரில் யார் இருக்கிறார்கள்? பிள்ளைக்கு அங்கன்வாடி டீச்சர் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பெண் வந்து பிரஷர் பார்ப்பாள், மாத்திரை கொடுப்பாள். கன்னத்து வீக்கம் அவள் நோட்டில் வராது. வாரம் ஒருமுறை திண்ணையில் உட்கார்ந்து "சாப்பிட்டியா ஆத்தா" என்று கேட்க ஓர் ஆள் இருந்தால், உள்ளே இருப்பவனுக்குக் கொஞ்சம் கூச்சமாவது வரும். நீ படித்த படிப்பு அதற்குத்தான். அந்த வேலைக்குத்தான் நிரந்தரப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை.

அந்தச் சாத்தூர் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம் உண்டு. படுக்கையில் கிடக்கும் கிழவிக்கு உடம்பெல்லாம் எண்ணெய் வைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி, இளநீரை மேல் மேலாகப் புகட்டுவார்கள். ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் கண்டு போய்விடுவாள். போஸ்ட்மார்ட்டம் கிடையாது, வழக்கு கிடையாது. 'வயசாச்சு' என்ற ஒரு வார்த்தை போதும்.

முதியோருக்கு அரசு ஓர் உதவி எண் வைத்திருக்கிறது தம்பி, 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுப்பார்கள். தலைக்கு ஊற்றுவது விடியற்காலையில்.