அளந்து வைத்த துணிச்சல்

அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் ஏற்கும் 'காமன் ஆப்' என்னும் பொது விண்ணப்பத்தில், மாணவர் தம் தனித்தன்மையை 650 சொற்களுக்குள் அடங்கும் கட்டுரையில் நிறுவியாக வேண்டும். 651ஆவது சொல்லில் எட்டிப்பார்க்கும் தனித்தன்மையைப் படிவம் ஏற்பதில்லை. சிகாகோ பல்கலைக்கழகமோ, 'எக்ஸைக் கண்டுபிடி' என்பது போன்ற விசித்திரத் தலைப்புகளைத் தனியே கொடுத்து, துணிச்சலையும் தேர்வுக்குரிய பாடமாக்கிவிட்டது. கட்டுரை ஆலோசகர்கள், அதாவது பிள்ளையின் உள்ளக்குரலைப் பெற்றோர் செலவில் தேடித் தருபவர்கள், மரபை எங்கே, எவ்வளவு மீறலாம் என்று கட்டணம் பெற்றுக் கற்பிப்பதால், மீறலே மரபாகி, பாட்டியின் சமையலறையும் தோற்றுப்போன கால்பந்துப் போட்டியும் வழக்கமான புரட்சிகளாகிவிட்டன. சேர்க்கை அலுவலரோ ஒரு விண்ணப்பத்துக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடிந்தவர். இந்நிலையில், கேட்ட கேள்விக்கு நேராக விடையெழுதும் மாணவரையே உண்மையில் துணிந்தவர் எனக் கொள்ளல் வேண்டும்.