வெளியாள் வேண்டுமென்று கேள்விப்பட்டேன்

அனுப்புநர்: மண்புழு, மக்காச்சோளக் கொல்லை, ஓரடி ஆழம், மின்னசோட்டா.
பெறுநர்: தலைவர் அவர்கள், இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை, அமெரிக்க வேளாண் துறை, வாஷிங்டன்.
பொருள்: சான்றிதழ் பெற்ற வெளி நிபுணராகப் பதிவுசெய்யக் கோருதல்.

ஐயா,

2002ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டத்திலிருந்து, விவசாயிக்கு மண், நீர்ப் பாதுகாப்பு யோசனை சொல்ல வெளியாட்களையும் சேர்த்துக்கொள்கிறீர்கள். ‘தொழில்நுட்பச் சேவை வழங்குநர்’ என்று பட்டம் வேறு. என்னைவிட வெளியாள் உங்களுக்குக் கிடைக்காது. பனியுகம் முடிந்தபோது இந்த வட்டாரத்தில் சொந்த மண்புழுவே கிடையாது. என் முன்னோர் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். (நன்னடத்தைச் சான்றுக்கு மட்டும் இங்குள்ள வனத்துறையிடம் போகாதீர்கள். காட்டுச் சருகையெல்லாம் தின்று தீர்த்தோம் என்று எங்கள்மேல் கோபம்.)

தகுதி? இங்கிலாந்தில் ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் எங்கள் குடல் வழியே போய்வருகிறது என்று கணக்குப் போட்டு, 1881இல் புத்தகமே எழுதினார் டார்வின். தேர்வையும் உங்களிடமே எழுதியாயிற்று. குழி வெட்டி, கடுகுத் தண்ணீர் ஊற்றி, எரிச்சல் தாங்காமல் மேலே வரும் எங்களைத் தலை எண்ணச் சொல்வது உங்கள் மண்பரிசோதனைக் கையேடுதானே? தலை எது, வால் எது என்று எண்ணியவருக்குத் தெரிந்ததா என்பது வேறு விஷயம்.

ஆனாலும் பதிவு கிடைக்காது என்கிறார் பக்கத்து வளைக்காரர். இணையவழிப் பயிற்சி வேண்டுமாம், காலாவதிக்கு முன் புதுப்பிக்க வேண்டுமாம். இருக்கட்டும். என் சந்தேகம் வேறு. அலுவலகத்தில் ஆள் போதவில்லை என்றுதானே வெளியாளைக் கூப்பிடுகிறீர்கள்? அவர் எழுதும் திட்டம், உங்கள் தரவிதிக்குள் அடங்குகிறதா என்று பார்க்கத் திரும்ப உங்கள் மேசைக்கே வருகிறது. அந்த மேசையில் யார்? 2025இல் உங்கள் சேவையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கிளம்பிவிட்டார்களே! திட்டம் மேசையில் காத்திருக்க, விதைப்புப் பருவம் தன் பாட்டுக்குப் போகிறது. நிபுணர் கேட்கும் கூலி நீங்கள் வரையறுத்த தொகையைத் தாண்டினால், மிச்சம் விவசாயி தலையில்.

கிளம்பியவர்களில் சிலரை எனக்குக் காலடிச் சத்தத்திலேயே தெரியும். எந்த மேட்டில் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும் என்று வரைபடம் பார்க்காமல் சொல்வார்கள். உள்ளூர் மாடு விலைபோகாது. அதே ஆள் வேலையை விட்டு, சான்றிதழ் வாங்கிக்கொண்டு, புதுச் சட்டையோடு அதே மேட்டில் வந்து நின்றால் நிபுணர். பாதுகாப்பு நிதியிலிருந்து கட்டணம். மேடு மட்டும் இடம் மாறவில்லை.

உங்கள் சேவை பிறந்த கதையும் எனக்குத் தெரியும். 1935இல் மண்ணியல் அறிஞர் ஹியூ ஹாமண்ட் பென்னெட் செனட் குழுமுன் மண்ணரிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாட்களில், மேற்குச் சமவெளிகளின் தூசி வாஷிங்டன் வானம்வரை வந்து சாட்சி சொன்னது. ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தத் தூசியிடம் யாரும் பதிவெண் கேட்கவில்லை.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்

இணைப்பு: என் எரு, ஒரு பிடி. சுயசான்றொப்பம் இட்டது.

பின்குறிப்பு: கூலி பணமாக வேண்டாம். அறுவடை முடிந்ததும் மக்காச்சோளத் தட்டையை உழாமல் வயலிலேயே விட்டுவைக்கச் சொன்னால் போதும்.