நிலத்துக்கு வேஷம் கட்டுகிறவர்கள்

குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் தசரா என்றால் வேஷம். விரதமிருந்து காப்புக் கட்டியவர்கள் காளியாவார்கள், ராஜாவாவார்கள், போலீஸ்காரராவார்கள். ஊர் ஊராகப் போய் வாங்கிய காணிக்கையை முத்தாரம்மன் உண்டியலில் போடுவார்கள். கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்ததும் காப்பை அவிழ்த்து, அரிதாரத்தைக் கழுவிவிட்டு, பனைக்கும் கடலுக்கும் கடைக்கும் திரும்பிவிடுவார்கள். அம்மனுக்காகப் போட்ட வேஷம் பத்து நாளில் கலைந்துவிடும். அரசாங்கம் நிலத்துக்குக் கட்டுகிற வேஷம் தலைமுறை தாண்டியும் கலையாது.

அந்த வேஷத்துக்கு முழுமைத் திட்டம், நிலப்பயன்பாட்டு வரைபடம் என்றெல்லாம் பெயர் உண்டு. மஞ்சள் பூசினால் குடியிருப்பு, ஊதா பூசினால் தொழிற்சாலை, பச்சை பூசினால் விவசாயம். உங்கள் பாட்டன் அங்கே குடியிருந்தாரா, அடுப்பெரித்தாரா என்பதெல்லாம் நிறத்துக்குத் தெரியாது. மஞ்சளில் இருந்தால் திட்ட அனுமதி உண்டு, வங்கிக் கடனும் உண்டு. மஞ்சளுக்கு வெளியே இருந்தால் அதே செங்கல், அதே சிமெண்ட், ஆனால் வீடு மட்டும் ‘அனுமதியற்ற கட்டுமானம்’. மஞ்சள் சுருங்கச் சுருங்க மனை விலை ஏறும். விலை எட்டாதவன் ஊதாவிலும் பச்சையிலும் புறம்போக்கிலும் ஒண்டுவான். ஒண்டியவனுக்கு ஆக்கிரமிப்பாளன் என்ற பட்டம் இலவசம்.

நிறம் பூசுமுன் மக்களைக் கேட்பார்களே என்பீர்கள். கேட்பார்கள். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தருவார்கள். விடியுமுன் வள்ளம் தள்ளுகிறவன் தினமும் அரசிதழை வாங்கிப் படித்துவிட்டுத்தான் கடலுக்குப் போகிறான் என்பது நம் அதிகாரிகளின் அசைக்க முடியாத நம்பிக்கை. படிக்காமல் விட்டால் அது அவன் குற்றம். மௌனம் சம்மதம்.

இப்போது குலசேகரன்பட்டினத்துக்குப் புதிய வேஷம் வந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் பிரதமர் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம். சுமார் 986 கோடி ரூபாய், 2,200 ஏக்கருக்கு மேல் நிலம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேராகப் போகலாம். நல்ல காரணம்தான், விஞ்ஞானத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு ராக்கெட் வளையக் கூடாது என்பதற்காக எத்தனை துல்லியமாகக் கணக்குப் போட முடிகிறது இந்த நாட்டால்! ராக்கெட் நிமிர்ந்து போகிறது. வளைய வேண்டியதெல்லாம் கரையில் இருக்கிறவன்தான்.

பக்கத்திலேயே உடன்குடி அனல் மின் திட்டம், இரண்டு அலகுகள், ஒவ்வொன்றும் 660 மெகாவாட். அதற்கு நிலக்கரி இறக்கக் கல்லாமொழியில் கடலுக்குள் பாலம். ராக்கெட்டுக்கு இடம் உண்டு, நிலக்கரிக்கு இடம் உண்டு. மனை வணிகருக்கோ கேட்கவே வேண்டாம். மீனவன் மகன் கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போக ஒரு இடம் கேட்டால் மட்டும் அதிகாரிகளுக்குச் சட்டம் ஞாபகம் வருகிறது.

சரி, அந்தச் சட்டத்தையே படிப்போம். 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை வளர்ச்சித் தடை மண்டலம் என்றது. அதற்குள்ளும் 100 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை மீனவர் வீடு கட்டிக்கொள்ளலாம் என்றது. முக்கியமான நிபந்தனை: மாநில அரசு அந்த மக்களைக் கலந்து ஒரு விரிவான திட்டம் தயாரித்திருக்க வேண்டும். மீனவக் கிராமங்கள், மீன் காயவைக்கும் களங்கள், பொது இடங்கள் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும், நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டமிட வேண்டும் என்றும் எழுதிவைத்தது. 2023இல் தமிழ்நாட்டுக் கடற்கரை மேலாண்மை வரைவு வரைபடங்கள் வந்தபோது, கிராமங்களே விடுபட்டிருக்கின்றன, வீட்டுவசதித் திட்டத்தைக் காணோம் என்று மீனவர் அமைப்புகள் கூச்சல் போட வேண்டியிருந்தது.

அதாவது, சாவி அரசாங்கத்தின் சட்டைப் பையில். கதவு திறக்காத குற்றம் வாசலில் நிற்கிறவன் மேல்.

2019இல் அறிவிக்கை புதுப்பிக்கப்பட்டது. கருணை பெருகியது, சுற்றுலாப் பயணிகள் மேல். வளர்ச்சித் தடை மண்டலத்துக்குள்ளேயே, உயர் அலைக் கோட்டிலிருந்து வெறும் 10 மீட்டரில், அவர்களுக்குத் தற்காலிகக் குடில், உடை மாற்றும் அறை, கழிவறை எல்லாம் வைக்கலாம். கடலின் சீற்றத்துக்கும் சுற்றுலாக்காரர் யார், மீனவர் யார் என்று அடையாள அட்டை பார்க்கத் தெரியும் போலிருக்கிறது.

சட்ட மீறலை மன்னிக்கவே தெரியாத அரசாங்கம் இது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விளைநிலத்தையெல்லாம் அங்கீகாரம் இல்லாத மனைகளாகப் போட்டு விற்றார்கள். 2016இல் உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவைத் தடுத்தது. மறு ஆண்டே வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் போதும், தப்பு தப்பில்லாமல் ஆகிவிடும். மனை போட்டவன் மீறினால் அதன் பெயர் வரன்முறை. வலை போடுகிறவன் மீறினால் அதன் பெயர் ஆக்கிரமிப்பு.

இது நம் ஊர்ப் புத்தி மட்டுமல்ல. 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒஹாயோ மாநிலத்து யூக்ளிட் என்ற ஊரின் மண்டலப் பிரிவினையைச் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, தனி வீட்டுக்காரர் பகுதியில் எழும் அடுக்குமாடிகளை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. அங்கே வாடகைக்குக் குடியிருப்பவன் ஒட்டுண்ணி, இங்கே கரையில் குடியிருப்பவன் ஆக்கிரமிப்பாளன். நிறம் பூசுகிறவர்களுக்கு நாடு வேறு, பார்வை ஒன்று.

அப்புறப்படுத்தியவர்களை எங்கே வைப்பார்கள் என்பதற்குச் சென்னை சாட்சி. கூவம் கரையிலிருந்தும் அடையாறு கரையிலிருந்தும் அள்ளிக்கொண்டு போனவர்களுக்குக் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் கிடைத்தன. வீடு அங்கே, வேலை இங்கே. கடல் தொழிலாளிக்கு அது இன்னும் கொடுமை. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தொழிலுக்குப் போகிறவனை மூன்றாம் மாடியில் ஏற்றிவிட்டு, கடலைப் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வா என்றால் அதற்குப் பெயர் மறுவாழ்வா?

இந்தக் கரைக்கு அடுத்த நிறத்தோடு வருகிற அதிகாரிகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். மணப்பாட்டிலிருந்து ஆலந்தலை வரை, இன்னும் முப்பது ஆண்டில் எத்தனை மீனவக் குடும்பம், எத்தனை வீடு, எந்த சர்வே எண்ணில்? ராக்கெட்டின் பாதையை நொடிக் கணக்கில் சொல்லத் தெரிந்த அரசாங்கத்துக்கு இது தெரியாது என்றால் நம்ப மாட்டோம். தெரிந்துகொள்ள விருப்பமில்லை, அவ்வளவுதான். அந்தப் பதிலை எழுதிக் கொண்டுவரும்வரை கரையில் எந்த வீட்டுச் சுவரிலும் நோட்டீஸ் ஒட்ட உங்களுக்கு யோக்கியதை இல்லை. ஒட்டியே தீர வேண்டும் என்று கை அரித்தால், சட்டம் கேட்ட திட்டத்தை எழுதாமல் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கிய அலுவலகத்தின் கதவில் ஒட்டுங்கள்.