ஊர் மாறிய ஃபோர்ஸ்பெர்க்

கேள்வி: ஸ்வீடன் ஐஸ் ஹாக்கி வீரர் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் ஏன் அத்தனை ஊர் மாறினார்?

பதில்: அவர் எங்கே மாறினார்? மாற்றினார்கள்! 1991-இல் வட அமெரிக்க லீக்கின் வீரர் தேர்வில் அவரைத் தேர்ந்தெடுத்தது ஃபிலடெல்ஃபியா அணி. அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடுமுன்பே, எரிக் லிண்ட்ரோஸ் என்ற வீரரை வாங்குவதற்காக கியூபெக்குக்குக் கொடுத்த வீரர்களில் இவரையும் சேர்த்துவிட்டார்கள். 1995-இல் கியூபெக் அணியே மூட்டை கட்டிக்கொண்டு டென்வருக்குக் குடிபோனது. ஃபிலடெல்ஃபியா சட்டை அவர் உடம்பில் ஏறியது 2005-இல்தான்.

போன இடத்திலெல்லாம் ஆட்டம் பேசியது. டென்வரில் 1996, 2001 என இரண்டு ஸ்டான்லி கோப்பைகள், அதாவது லீக் பட்டங்கள். நாட்டுக்காக 1994, 2006 ஒலிம்பிக் தங்கங்கள். அதிலும் 1994 இறுதிப்போட்டி! கனடாவுடன் பெனால்டி மோதல். கோல்கீப்பரை ஒரு பக்கம் இழுத்துவிட்டு, மறுபக்கம் ஒற்றைக் கையால் மட்டையை நீட்டி ரப்பர் வட்டை உள்ளே தள்ளினார். ஸ்வீடன் அந்தக் கணத்தைத் தபால்தலையாகவே அச்சிட்டது.

2001-இல் அவரது மண்ணீரலை அறுவை செய்து எடுத்தார்கள். அடுத்த சீசனின் லீக் ஆட்டம் ஒன்றில்கூட ஆடாதவர், 2002 பிளே-ஆஃபில் நேராக இறங்கி, 27 புள்ளிகளோடு அத்தனை பேரையும் முந்தினார். அசல் வீரம் இதுதான்.

பிற்பாடு நாஷ்வில், சொந்த ஊர் அணியான மோடோ, மறுபடி டென்வர். மனசு தயார், பாதம்தான் ஒத்துழைக்கவில்லை. 2011-இல் இரண்டே ஆட்டம் ஆடி ஓய்வுபெற்றார்.